வீக்க மாத்திரை விஷயமாகத் தம்மாம் மாமாவுக்கு

குளச்சல் அலி அக்பர் - சைனப் பீவி மகன் அஹ்சன், சவூதி தம்மாமில் இருக்கும் மதிப்புக்குரிய தாய்மாமா ஜக்கரியா அவர்களுக்கு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா நலம். நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போன தங்கச்சி ஃபாஸிலா நலம். நான் நலம் என்றுதான் நினைக்கிறேன். வாப்பா நலம் இல்லை. உங்கள் உடம்புக்காகவும் உங்கள் ஏசி வேலைக்காகவும் உம்மா ஐந்து வேளையும் துஆ செய்கிறார்கள். நானும் செய்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

இதை நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி ஆண்கள் வார்டில், வாப்பாவின் கட்டில் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை, காலை மணி பத்து. வாட்ஸ்அப் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தைப் பிடித்தான் என்று கேட்பீர்கள். நான் அனுப்பும் வாய்ஸை நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பீர்கள். உங்கள் ரூமில் எட்டுப் பேர், அதில் மூன்று பேர் குளச்சல். நான் இங்கே மாடிப்படி இறங்குவதற்குள் செய்தி தம்மாமைச் சுற்றி ஊருக்கே திரும்பி வந்து, அலி அக்பருக்குக் காலை எடுத்தாச்சு என்று மீன் ஏலத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். காலை எடுக்கவில்லை. அந்த வார்த்தையை நானே முதலில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். பக்கத்து வீட்டுக் குமாரதாஸ் அண்ணன் லீவு முடிந்து இன்று மாலை திருவனந்தபுரத்தில் தம்மாமுக்கு விமானம் ஏறுகிறார். சுசீந்திரத்தில் மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டு பன்னிரண்டரை மணிக்கு இதை வாங்கிப்போக ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் வர வேண்டாம். இங்கே எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான், இனி ஒரு மாத்திரைகூட ஊருக்கு அனுப்பாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது. படித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கு வந்ததில் கால்வாசிதான் இருக்கும்.

போன வாரம் புதன்கிழமை காலை துறைமுகத்தில் ஏலம் எடுத்த கெளுத்தியைக் கூடை கூடையாகத் தட்டும்போது ஒரு மீன் வழுக்கி விழ, வாப்பா அதை மிதித்துவிட்டார். வலது கால், பெருவிரலுக்குக் கீழே. முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளே இறங்கிவிட்டது. முப்பது வருடமாக மீன் வியாபாரம் செய்கிறவருக்கு இது ஒரு விஷயமா? பிடுங்கிப் போட்டுவிட்டு, டீக்கடையில் வெந்நீர் வாங்கி ஊற்றி, மிச்ச மீனையும் எடை போட்டு முடித்து, பைக்கைத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வெந்நீரிலேயே வலி அடங்கிவிட்டது என்று உம்மாவிடம் பெருமை வேறு. வியாழக்கிழமை காலை பார்த்தால் அந்தக் கால் வேறு யாருடைய கால் மாதிரியோ இருந்தது. சிவந்து, சுட்டு, வீங்கி, தொட்டால் அலறுகிற நிலைமை. செருப்பு நுழையவில்லை. நான் முப்பந்தலில் காற்றாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், டூல் பையைக் கீழே வைத்துவிட்டு, சர்க்கரை உள்ள உடம்பு, கால் காயம், இப்போதே ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஃபாஸிலாவின் நிக்காஹ். ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கப் போட்டுவிடுவான். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை கையைப் பிடித்து நிக்காஹ் செய்துகொடுக்க வேண்டும், மண்டப வாசலில் நின்று நாலு பேரைக் கூப்பிட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கூப்பிட்டால் அலி அக்பருக்கு வாதம் வந்துட்டு என்று மாப்பிள்ளை வீட்டில் பேசிக்கொள்வார்கள். மூச்சு விடாமல் இவ்வளவையும் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை நீ எங்க கூப்பிட்டாலும் வாறேன் மக்கா என்றார். நானும் சரி என்றேன். டூல் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இனி உங்கள் டப்பாவுக்கு வருகிறேன். வருடா வருடம் யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறீர்களே, அந்தப் பால்மாவு டப்பா. லக்கேஜ் எடை கூடுகிறது என்று மருந்தின் அட்டைப்பெட்டியையும், அதற்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளையும் அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு, வெறும் ஸ்ட்ரிப்புகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, கட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு சொருகி வைப்பீர்கள். சளி. வயிறு. வீக்கம். எல்லாத்துக்கும். அந்தக் கடைசிக் கட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது. நீங்கள் குப்பையில் போட்ட தாளில்தான் மாமா, சர்க்கரை உள்ளவர்கள் ஜாக்கிரதை, கிருமி பிடித்த இடத்தில் ஜாக்கிரதை என்று எழுதியிருக்கும். அந்தத் தாள் ஐந்து கிராம் இருக்குமா? அதை எடுத்துவிட்டுப் பிஸ்தா வைத்தீர்கள். பிஸ்தா நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது உம்மா அந்த டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வீக்கம் என்று எழுதின கட்டைப் பிரித்தாயிற்று. எனக்க தம்பி அறியாமலா எழுதியிருப்பான் என்று எனக்குப் பதில் சொல்லிவிட்டு (நான் எதுவும் கேட்கக்கூட இல்லை), வாப்பாவுக்கு ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் வீக்கம் பாதியாகிவிட்டது. ஞாயிறு காலை கால் கால் மாதிரியே இருந்தது. சிவப்பு இல்லை, சூடு இல்லை, வலி கேட்டால் சிரிக்கிறார். உம்மா உங்கள் பெயரைச் சொல்லி அழுதார்கள். வாப்பா புது ஷூ போட்டுக்கொண்டு மண்டப வாசலில் நாலு மணி நேரம் நின்றார், நின்றது மட்டுமா, பிரியாணி சகன் தட்டுகளை எடுத்துக்கொண்டு பந்திக்கும் அடுப்புக்கும் நடந்தார். போட்டோவில் எல்லாரையும்விட நிமிர்ந்து நிற்பவர் அவர்தான். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்ற மனுஷன், எதுக்குலே, நல்ல கால காட்டி டாக்டர வெறுப்பேத்தவா என்று கேட்டுவிட்டு ஏலத்துக்குப் போனார். நானும் டவர் ஏறப் போய்விட்டேன். மதியம் போன் வருகிறது, வெயிலில் நின்றுகொண்டு வாப்பா நடுங்குகிறார் என்று. அன்றைக்கும் கஷாயம், போர்வை. செவ்வாய்க்கிழமை காலை பாதத்தின் அடியில் கத்தரிக்காய் நிறம், மேலே முழங்காலைப் பார்த்து ஏறுகிற சிவப்பு, ஒரு மாதிரி வாடை. காரில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். சர்க்கரை நானூற்று முப்பது. காய்ச்சல் நூற்று மூன்று. பார்த்த நர்ஸ் ஓடினார். நர்ஸ் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு ஆகாது மாமா, எண்பது மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்குகிறவன் நான், காரணம் கேட்காமலே அவர் பின்னால் ஓடினேன்.

டாக்டர் பெயர் ஓமனா. சத்தம் போடாமல் பேசுகிறவர், அதுதான் பயம். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். உம்மா ஒன்றும் கொடுக்கவில்லை என்றார்கள். வெந்நீர், துஆ, அவ்வளவுதானாம். உங்கள் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று உம்மா டாக்டரின் முகத்தைப் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பொய் சொன்னார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டருக்கு இருமல் வந்தது. இரண்டு இருமல்தான். உம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. தொழுகைப் பாயைச் சுற்றி வைத்திருந்த பைக்குள் கையை விட்டு, அந்தப் பால்மாவு டப்பாவை எடுத்து, சளி என்று எழுதின கட்டைப் பிரித்து, டாக்டருக்கே ஒரு மாத்திரையை நீட்டினார்கள். டாக்டர் மாத்திரையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், டப்பாவை வாங்கி ஒவ்வொரு சீட்டாகப் படித்தார்.

"இது யாரு எழுதினது?"

"எனக்க தம்பி டாக்டரே. தம்மாமில இருக்கான்."

"அவரு டாக்டரா?"

"இல்ல. ஏசி மெக்கானிக்கு. நல்ல கைராசி."

பக்கத்துக் கட்டிலில் ஜான்ரோஸ் என்று நம்ம ஊர் விசைப்படகுக்காரர், குடல் ஆபரேஷன் முடிந்து சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் தலையணையைக் கடித்துக்கொண்டார். வீக்கம் என்ற கட்டில் இருந்தது ஸ்டீராய்டு மாமா. எத்தனை கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்க, உம்மா ஒரு விரலைக் காட்டினார்கள். ஒண்ணுக்கு இவ்வளவு வராதே என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், ஊருக்கு மருந்து அனுப்புகிறவர் நீங்கள், தெரிந்துகொள்ள வேண்டும். முள் தோலைக் கிழித்த அந்த நிமிடமே, அந்த இடத்தில் காவலுக்கு இருக்கிற செல்கள் தங்கள் பைகளில் வைத்திருக்கும் ரசாயனத்தைக் கொட்டிவிடுகின்றன. அதனால் பக்கத்து ரத்தக்குழாய்கள் அகலமாகி ரத்தம் கூடுதலாக வந்து சேர்கிறது. சிவப்பும் சூடும் அதுதான். குழாய்ச் சுவரில் இடைவெளி விட்டு நீர் வெளியே கசிகிறது, அது வீக்கம். அந்த நீரும் ரசாயனமும் நரம்பைக் குடைவதால் வலி, வலிப்பதால் நாம் அந்தக் காலை ஊன்ற மாட்டோம், அதுவும் வேண்டித்தான். குழாயின் உள்சுவர் அந்த இடத்தில் மட்டும் பிசுபிசுப்பாகி, ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. அவை சுவரின் இடுக்கில் நெளிந்து வெளியே வந்து, மோப்பம் பிடித்துக்கொண்டு கிருமி இருக்கும் இடத்துக்குப் போய், அதை விழுங்கி, தாமும் சாகின்றன. சீழ் என்று மூக்கைப் பொத்துகிறோமே, அது அங்கே செத்துக் கிடப்பவர்கள். இத்தனைக்கும் சேர்த்து அழற்சி என்று பெயராம். நான் உடனே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: கியர்பாக்ஸ் சூடானால் காற்றாலையில் அலாரம் அடிக்கும், அலாரத்தின் வயரைப் பிடுங்கினால் சத்தம்தான் நிற்கும், சூடு நிற்காது, அப்படித்தானே என்றேன். டாக்டர் தலையை ஆட்டினார். வீக்கம் அலாரம் மட்டும் இல்லை தம்பி, ரிப்பேருக்கு வந்த ஆளும் அதுதான் என்றார். நாம் அலாரத்தையும் நிறுத்தி, ஆளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து போட்டு நிக்காஹ் நடத்தியிருக்கிறோம்.

இன்னொன்று. ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு இருபத்திரண்டாயிரம் என்று வந்தது. இவ்வளவு படை இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். டாக்டர் அந்தச் சந்தோஷத்தையும் வைத்திருக்க விடவில்லை. கொஞ்சம் கிருமிக்காக வந்த கூட்டம், கொஞ்சம் மாத்திரை செய்த வேலை என்றார். ஸ்டீராய்டு போனால் குழாய்ச் சுவரின் பிசுபிசுப்புக் குறைந்துவிடும். வெள்ளையணுக்கள் நிற்க முடியாமல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வடசேரியில் புறப்பட்ட பஸ்ஸில் ஆள் நிரம்பி வழிகிறது, ஆனால் இறங்க வேண்டிய ஸ்டாப்பில் கதவு திறக்கவில்லை. கணக்கில் எல்லாரும் வந்துவிட்டார்கள், சண்டை நடக்கும் இடத்தில் ஒருத்தர் இல்லை. கூடவே அந்த மாத்திரை சர்க்கரையையும் ஏற்றிவிட்டது, கிருமிக்கு அது விருந்து. நான்கு நாள் நாம் நல்லா ஆயிட்டு நல்லா ஆயிட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளே அது யாரும் தடுக்காமல் பாதம் முழுக்கப் பரவியிருக்கிறது.

நேற்றுக் காலை டாக்டர் நீல மார்க்கரை எடுத்து, வாப்பாவின் கெண்டைக்காலில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதைச் சுற்றி ஒரு கோடு போட்டார். சிவப்பு கோட்டுக்குள் நின்றால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். தாண்டினால் தியேட்டர். அதிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. டூல் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து மணிக்கு இரண்டு தடவை அளக்கிறேன். இந்தக் கடிதத்தில் எழுத்து அங்கங்கே மாறியிருந்தால் நான் எழுந்து போய் அளந்துவிட்டு வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து இருபதுக்குக் கோட்டுக்கு நான்கு மில்லிமீட்டர் உள்ளே. பத்தே முக்காலுக்கும் நான்கு. பதினொன்று இருபதுக்கு மூன்று. ஆனால் ஜன்னல் பக்கம் வெயில் மாறிவிட்டது, அதனால் அப்படித் தெரிந்திருக்கலாம். வாப்பா காய்ச்சலிலும் போனில் சாளை விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜான்ரோஸ் அவரிடம், மொதலாளி இத்தன வருசம் நீரு கெளுத்திய வெல பேசினீரு, இப்ப அது உம்ம வெல பேசுது பாத்தீரா என்று கேட்டார். வாப்பா சிரித்தார். சிரித்ததும் காலில் வலி வந்து கண்ணை மூடிக்கொண்டார். வலி வருவது நல்லதுதான் என்று நான் சொன்னேன், டாக்டர் சொன்னதை வைத்து. சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மறுபடி அளக்கப் போனேன்.

நான் பட்டென்று பேசுகிறவன் என்று உங்களுக்குத் தெரியும். கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன், அது எழுத்தில் தெரியும், அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாசத்தை ஸ்ட்ரிப்பில் போட்டு அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த டப்பா இப்போது நர்ஸ் மேஜையில் பூட்டியிருக்கிறது. உம்மா அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே இருக்கும் மாத்திரைக்காக இல்லை, உங்கள் கையெழுத்துக்காக. நீங்கள் லீவு கேட்டு அலைய வேண்டாம், கம்பெனியில் சண்டை போட வேண்டாம். இங்கே டாக்டர் இருக்கிறார், மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, நான் இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நோயில்லாத உடம்பையும், மருந்துக்கடையைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்து போகிற புத்தியையும் தரட்டும். ரூமில் இருக்கும் எல்லாருக்கும் என் சலாம். இதை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
அஹ்சன்

பி.கு.: மணி பன்னிரண்டு பத்து. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுத நேரம் இல்லை. இதையும் சேர்த்துப் படியுங்கள்.

சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. இரண்டு விரல் அகலம், ஸ்கேல் தேவைப்படவில்லை. இரண்டு மணிக்கு வாப்பாவைத் தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் பாதத்தைத் திறந்து, கெட்டதை எடுத்துக் கழுவப் போகிறார்கள். திறந்து பார்த்த பிறகுதான் காலைப் பற்றி எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். உம்மா கீழே லுஹர் தொழப் போயிருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் தெரியாது. டாக்டர் மறுபடி கேட்டார், மொத்தம் எத்தனை மாத்திரை என்று. மயக்க மருந்து கொடுக்கிறவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டுமாம். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

சொல்லிவிட்டேன். உம்மா கொடுத்தது ஒன்று. அன்றைக்கே நான் ஸ்ட்ரிப்பின் பின்பக்கம் இருந்த பெயரைப் போனில் தேடினேன். அழற்சியைக் குறைக்கும் என்று முதல் வரியில் இருந்தது. அதைத்தானே குறைக்க வேண்டும் என்று அதற்குக் கீழே படிக்கவில்லை. நீங்கள் குப்பையில் போட்ட தாளில் இருந்ததெல்லாம் இரண்டாவது வரியிலிருந்து என் கையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு இரண்டு, சனி மூன்று, ஞாயிறு மூன்று. எட்டும் உம்மாவுக்குத் தெரியாமல் நான் கொடுத்தது. நிக்காஹுக்கு அவர் நிற்க வேண்டும் என்றுதான்.

டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டு போனார். வாப்பா தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலேயே, மீன் விலை சொல்கிற குரலில் சொன்னார்:

"உனக்க உம்மா தந்தத நான் தின்னல மக்கா. தலைகாணிக்க அடியில வச்சேன். ஜக்கரியா எழுதுனத நான் எப்ப நம்பியிருக்கேன். நீ படிச்ச பிள்ளல்லா, நீ தந்ததுனால முழுங்கினேன்."

ஜான்ரோஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகவே மாமா, வாப்பா உடம்பில் உங்கள் சீட்டை நம்பிப் போன மாத்திரை ஒன்றுகூட இல்லை. மேலே உங்கள்மேல் எழுதின கோபத்தையெல்லாம் என் பெயரை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் போனில் கூப்பிடுவேன், ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. வர வேண்டாம் என்று எழுதியதை விட்டுவிடுங்கள். லீவு கேளுங்கள், கிடைக்கிற விமானத்தில் வாருங்கள். தன் தம்பியால்தான் இது நடந்தது என்று நம்பி, அந்தத் தம்பியைக் காப்பாற்ற டாக்டரிடம் பொய் சொன்ன உம்மாவிடம் நான் இதைச் சொல்லியாக வேண்டும். சொல்லும்போது நீங்கள் என் பக்கத்தில் நில்லுங்கள்.